வளர்ப்புக் கடற்குதிரைகளின் நோய்கள்

வளர்ப்புக் கடற்குதிரைகளின் நோய்கள் என்பது கண்ணாடித் தொட்டிகளிலும் ஆய்வு வளர்ப்பகங்களிலும் பேணப்படும் கடற்குதிரைகளுக்கு உண்டாகும் நோய்களையும், அவற்றைக் கண்டறிந்து மருத்துவம் செய்யும் முறைகளையும் குறிக்கும். கடற்குதிரை ஹிப்போகாம்பஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஒரு மீன் ஆகும். தோற்றத்தில் மீனைப் போல் இல்லாவிடினும் செவுள், துடுப்பு, காற்றுப்பை ஆகிய மூன்றும் இதற்கு உண்டு. தொட்டியில் வளர்க்கப்படும் கடல் மீன்களுள் பேணுவதற்கு மிகக் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று. பெரும்பாலான நோய்கள் நீரின் தரம், வெப்பம், உணவு ஆகியவற்றில் நேரும் குறைகளிலிருந்தே தொடங்குகின்றன. ஆதலால் இவற்றுக்கான மருத்துவத்தில் மருந்தின் பங்கு சிறியதே.

தமிழ்நாட்டில் கடற்குதிரைகள்

பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ள கடற்புல் படுகைகளில் ஹிப்போகாம்பஸ் குடா, ஹிப்போகாம்பஸ் டிரைமாகுலேட்டஸ் உள்ளிட்ட சில இனங்கள் வாழ்கின்றன. இவை இழுவலைகளில் பிற மீன்களுடன் சேர்ந்து சிக்குகின்றன. சீன மரபு மருத்துவத்தில் உலர்ந்த கடற்குதிரைக்குப் பெரும் தேவை இருப்பதால், நெடுங்காலம் இவை உலர்த்தப்பட்டு ஏற்றுமதி செய்யப்பட்டன. மனிதரின் நோய்க்கு மருந்தெனக் கருதப்படும் இவ்வுயிரினத்தின் சொந்த நோய்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

2001ஆம் ஆண்டு இந்திய அரசு கடற்குதிரைகளை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2002இல் இவற்றைச் சேர்க்க முடிவு செய்யப்பட்டு, 2004 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. எனவே தமிழகக் கடலில் பிடித்த கடற்குதிரையை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது சட்டப்படி குற்றமாகும். தமிழ்நாட்டில் நோயுற்ற கடற்குதிரையைச் சட்டத்துக்கு உட்பட்டு மருத்துவம் பார்க்கக்கூடிய இடங்கள் ஆய்வு நிறுவனங்களும் அனுமதி பெற்ற வளர்ப்பகங்களுமே. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஹிப்போகாம்பஸ் குடா இனத்தை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யும் ஆய்வுகளை மேற்கொண்டுள்ளனர். வலையில் சிக்கிய உயிருள்ள கடற்குதிரையை உடனே கடலில் விடுவதே முறை. வேறு வகையில் கைக்கு வந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

உடலமைப்பும் நோய்க்கு இடமளிக்கும் குறைகளும்

கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. குழல் போன்ற வாயால் சிறு இறால் வகை உயிரிகளை உறிஞ்சி விழுங்குகின்றது. குடல் குட்டையானது. ஆகவே உண்ட உணவு முழுதும் செரிக்கும் முன்பே வெளியேறிவிடுகின்றது. பட்டினியைத் தாங்கும் வலு இதற்குக் குறைவு. வளர்ந்த கடற்குதிரைக்கு நாளொன்றுக்கு இருமுறையேனும் உணவு வேண்டும். குஞ்சுகளுக்கோ பகல் முழுதும் இரை கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரும்பாலான கடற்குதிரைகள் அசையும் இரையையே உண்ணும். கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போடும் பழக்கத்தில் ஒருவர் இதற்கும் அவ்வாறே தூவினால், இது திரும்பியும் பார்க்காது. தூவியது அழுகி நீரைக் கெடுக்கும். கடைகளில் கிடைக்கும் உலர்ந்த கூனியும் இதற்கு உதவாது. உயிருள்ள கூனி வகைகளும் ஆர்ட்டீமியா என்னும் உப்பளத்து உயிரியும் ஏற்றவை. ஆர்ட்டீமியா தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படுகின்றது.

இதன் உடலில் செதில்கள் இல்லை. எலும்புத் தகடுகளின் மேல் மெல்லிய தோல் மட்டுமே போர்த்தியுள்ளது. அத்தோலில் சிறு கீறல் ஏற்பட்டாலும் நுண்ணுயிரிகள் நுழைய வழி உண்டாகின்றது. செவுள்கள் மற்ற மீன்களைப் போல் சீப்பு வடிவில் இல்லாமல் சிறு குஞ்சங்களாக அமைந்துள்ளன; அவற்றின் வெளித்துளை மிகச் சிறியது. இதனால் செவுளில் ஒட்டுண்ணி இருப்பதைக் கண்ணால் காண்பது அரிது. மூச்சு விரைவதைக் கொண்டே அதை உய்த்துணர வேண்டியுள்ளது.

நோயின் அறிகுறிகள்

நலமான கடற்குதிரை கடற்புல்லையோ பவளக்கிளையையோ வாலால் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். இரு கண்களும் தனித்தனியே சுழன்று இரையைத் தேடும்.

உணவை மறுத்தல் முதல் அறிகுறியாகும். இரையை நோக்கித் தலையைத் திருப்பிவிட்டு உறிஞ்சாமல் விடுதல், உறிஞ்சியும் உள்ளே போகாமை ஆகிய இரண்டும் வாய்க்குழலில் புண் இருப்பதைக் காட்டலாம். தரையில் படுத்துக் கிடத்தல், நீர்மட்டத்தில் மிதத்தல், வால் நுனி வெளுத்தல், தோலில் சாம்பல் நிறத் திட்டு, உடலைப் பொருள்களில் உரசுதல் ஆகியவை பிற அறிகுறிகள். நிறம் கருமையாவது மட்டும் நோய்க்குறி அன்று. கடற்குதிரை சூழலுக்கேற்பவும் நிறம் மாற்றும் இயல்புடையது. இதை அறியாமல் நலமான மீனுக்கு மருந்திட்டு நோயாளியாக்குவதும் உண்டு.

வாயுக் குமிழி நோய்

வளர்ப்புக் கடற்குதிரைகளுக்கே உரியது என்று சொல்லத்தக்க அளவுக்குப் பரவலாகக் காணப்படும் நோய் இது. ஆண் கடற்குதிரையின் வயிற்றில் முட்டைகளை அடைகாக்கும் பை உள்ளது. அப்பையில் வாயு சேரும்போது ஆண் மீன் வால் மேல்நோக்கித் தூக்கப்பட்டு, நீர்மட்டத்தில் தக்கையைப் போல் மிதக்கும். கீழே இறங்கி உணவுண்ண இயலாததால் சில நாட்களில் பட்டினியால் மடியும். வேறு வகையில், வாயு தோலுக்கடியில் கொப்புளங்களாகத் தோன்றும். இது வாலிலும் வாய்க்குழலிலும் எளிதில் தெரியும். மூன்றாவது வகையில் காற்றுப்பை அளவுக்கு மீறி உப்பும். கடற்குதிரையின் காற்றுப்பைக்கும் உணவுக்குழலுக்கும் இடையே திறப்பு இல்லை. ஆகவே மிகுந்த காற்றை வாய்வழியே வெளியேற்ற இதனால் முடியாது.

நீரில் வாயு அளவுக்கு மீறிக் கரைந்திருத்தல் ஒரு முக்கியக் காரணம். நீரேற்றியின் குழாயில் சிறு பிளவு இருந்தால் அதன்வழி உறிஞ்சப்படும் காற்று அழுத்தத்தால் நீரில் கரைந்துவிடுகின்றது. பையில் தங்கிய இறந்த கருக்கள் அழுகுதலும் நுண்ணுயிரித் தொற்றும் வேறு காரணங்கள். ஆழமற்ற தொட்டிகளில் நீரின் அழுத்தம் குறைவாதலால் குமிழிகள் எளிதில் உருவாகின்றன. இதனாலேயே கடற்குதிரைத் தொட்டி அகலத்தைவிட உயரத்தில் மிகுந்திருக்க வேண்டும். 45 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம் நல்லது.

பையில் சேர்ந்த வாயுவை, மீனை நீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, மென்மையான நுண்குழாயைப் பையின் வாயில் செலுத்தி வெளியேற்றுவர். பின்பு தூய கடல்நீரால் பையைக் கழுவுவர். திரும்பத் திரும்ப வாயு சேருமாயின் அசெட்டசோலமைடு என்னும் மருந்து பயன்படுகின்றது. இது மனிதருக்குக் கண்ணழுத்த நோயில் தரப்படும் அதே மருந்தாகும். கார்பானிக் அன்ஹைட்ரேசு என்னும் நொதியைத் தடுத்து வாயு சுரப்பதைக் குறைக்கின்றது. மருந்தின் அளவை விலங்கு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கும் முயற்சி பழக்கமற்றவர் கையில் மீனைக் கொன்றுவிடும்.

விப்ரியோ தொற்று

விப்ரியோ என்பது கடல்நீரில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்களின் பேரினம். வாந்திபேதியை உண்டாக்கும் நுண்ணுயிரியும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. கடற்குதிரைகளை விப்ரியோ ஹார்வியி, விப்ரியோ அல்ஜினோலிட்டிக்கஸ் ஆகியவை தாக்குகின்றன. இவற்றுள் முன்னது இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் ஒளிரும் நோயை உண்டாக்குவதாகவும் அறியப்பட்டது.

வால் நுனி வெளுத்துத் தசை அழுகி எலும்பு தெரிதல், வாய்க்குழல் சிவந்து அரிக்கப்படுதல், தோலில் புண் ஆகியவை இதன் வெளிப்பாடுகள். வாய்க்குழல் அழுகிய மீன் உண்ண இயலாது. அதற்கு மெல்லிய குழாய் மூலம் உணவு புகட்ட வேண்டிவரும்.

வெப்பம் உயர உயர விப்ரியோ விரைந்து பெருகுகின்றது. இதனால் வெப்பமண்டல இனங்களைக்கூட 24 பாகை செல்சியசுக்கு அருகில் வைத்திருக்குமாறு மேலைநாட்டு வளர்ப்பாளர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். தமிழ்நாட்டில் இது எளிதன்று. எடுத்துக்காட்டாகக் காஞ்சிபுரத்தில் மே மாத வெயில் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். நீரைக் குளிர்விக்கும் கருவியின்றி அங்குக் கோடையில் ஒரு தொட்டியை அந்நிலையில் வைத்திருக்க முடியாது. மின்வெட்டு சில மணிநேரம் நீடித்தாலே நோய் தலைதூக்கலாம். கடலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், அத்தகைய ஊர்களில் கடல்நீரையும் உப்புக் கலவையைக் கொண்டு ஆக்கிக்கொள்ள வேண்டும். உப்பின் அளவு ஆயிரத்தில் 30 முதல் 35 பங்கு இருத்தல் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருத்தலாகாது.

உயிருள்ள இரையும் விப்ரியோவைத் தொட்டிக்குள் கொண்டுவரும். ஆர்ட்டீமியா முட்டைகளின் ஓட்டை நீக்கிப் பொரிக்கச் செய்வதும், பொரித்தவற்றைத் தூய நீரில் அலசிக் கொடுப்பதும் இதைக் குறைக்கும்.

நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பற்றிக்கொள்ள ஒரு கயிறோ செயற்கைப் புல்லோ அளித்து, வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். புண்ணிலிருந்து எடுத்த மாதிரியை டி.சி.பி.எஸ். எனப்படும் வளர்ப்பூடகத்தில் இட்டால் விப்ரியோ மஞ்சள் அல்லது பச்சை நிறக் குழுமங்களாக வளரும். அதன்பின் எந்த நுண்ணுயிர் எதிர்ப்பி அதைக் கொல்கின்றது என்று சோதித்தே மருந்து தர வேண்டும். உண்ணும் நிலையிலுள்ள மீனுக்கு, மருந்தை உட்கொண்ட ஆர்ட்டீமியாவை இரையாகக் கொடுப்பது சிறந்த வழி. சோதனையின்றிக் கடையில் கிடைக்கும் மருந்தைத் தொட்டியில் கொட்டினால், வடிகட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மடிந்து நீர் நஞ்சாகும். எதிர்ப்புத்திறன் பெற்ற விப்ரியோ எஞ்சும்.

இத்தகைய ஆய்வுக்கான வசதி மீன்வள நிறுவனங்களில் உண்டு. சென்னையில் தலைமையகம் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் உள்ளது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த முட்டுக்காடு இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

ஒட்டுண்ணிகள்

அமைலூடினியம், யூரோனீமா போன்ற ஒருசெல் உயிரிகள் தோலையும் செவுளையும் தாக்குகின்றன. தோலை மெல்லச் சுரண்டி எடுத்த சளியை நுண்நோக்கியில் பார்த்தால் இவற்றை உயிருடன் காணலாம். அதே வெப்பமும் காரத்தன்மையும் கொண்ட நன்னீரில் சில நிமிடங்கள் மூழ்கச் செய்வது வெளி ஒட்டுண்ணிகள் பலவற்றை உதிர்க்கும். கடற்குதிரைகள் இதை நன்கு தாங்குகின்றன. பிற கடல் மீன்களுக்குப் பயன்படும் செப்பு மருந்தைக் கடற்குதிரைகளுக்கு மிகுந்த எச்சரிக்கையுடனேயே பயன்படுத்த வேண்டும். குளூஜியா ஹெரால்டி என்னும் ஒட்டுண்ணி தோலுக்கடியில் வெண்ணிறக் கட்டிகளை உண்டாக்கும். இதற்கு மருந்தில்லை. பிற மீன்களுக்குப் பரவாதிருக்க நோயுற்றதைப் பிரித்துவிடுவதே செய்யக்கூடியது.

மனிதருக்குப் பரவும் நோய்

மைக்கோபாக்டீரியம் மரினம் என்பது காசநோய்க் கிருமியின் உறவினம். இது 1926இல் ஃபிலடெல்ஃபியாவில் காட்சித்தொட்டி மீன்களிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. தாக்குண்ட கடற்குதிரை நன்றாக உண்டும் மெலிந்துகொண்டே போகும். சில வேளைகளில் எவ்வித அறிகுறியுமின்றி இறக்கும். இறந்தபின் உள்ளுறுப்புகளில் சிறு முடிச்சுகள் காணப்படும். மீனைக் குணப்படுத்தும் நம்பகமான மருத்துவம் இல்லை.

தொட்டியைச் சுத்தம் செய்வோரின் கையிலுள்ள சிறு காயத்தின் வழியே இக்கிருமி நுழைந்து, வாரங்கள் கழித்து வலி குறைந்த முடிச்சுகளையும் ஆறாத புண்களையும் உண்டாக்கலாம். சாதாரணக் கொப்புளம் என்று கருதப்படுவதால் பலருக்கு இது காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகின்றது. அதன்பின் மாதக்கணக்கில் மருந்துண்ண வேண்டியிருக்கும். ஆகவே புண்ணுள்ள கையைத் தொட்டியில் இடாமலும் கையுறை அணிந்தும் வேலை செய்தல் வேண்டும். கையில் ஆறாத புண் உள்ளவர் மருத்துவரிடம் தாம் மீன் தொட்டியில் வேலை செய்வதைத் தாமாகவே சொல்வது நோயைக் கண்டறியும் காலத்தைப் பெரிதும் குறைக்கும்.