காகிதப் பைகளில் நெகிழ்தகட்டு அச்சு

மளிகைக் கடையிலிருந்து வரும் காகிதப் பையை எவரும் ஊன்றிப் பார்ப்பதில்லை. ஆயினும் அதன்மேல் உள்ள எழுத்து தெளிவாயிருப்பதற்கும் குழம்பியிருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் அச்சு இயந்திரமன்று. இயந்திரம் ஓடத் தொடங்குமுன் செய்யப்படும் சித்திர வேலையும் தகட்டு வேலையுமேயாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடை வந்தது. அவ்வாண்டு இறுதியிலிருந்து 120 மைக்ரானுக்குக் குறைந்த கனமுள்ள பிளாஸ்டிக் கைப்பைகளும் விலக்கப்பட்டன. இந்நிலையில் காகிதப் பைத் தொழிலில் இறங்கும் சிறு பட்டறைகளும் மகளிர் குழுக்களும் இவ்வேலையின் இயல்பை அறிந்திருத்தல் நலம். தகட்டில் நேரும் ஒரு பிழை, ஒரு பையோடு நில்லாது, உருட்டுக் காகிதம் முழுவதையும் பாழாக்கிவிடும்.

முறையின் தன்மை

நெகிழ்தகட்டு அச்சு, அதாவது பிளெக்சோகிராபி, ரப்பர் முத்திரையின் தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. மேடாக நிற்கும் பகுதி மையை ஏற்றுக் காகிதத்தில் பதிக்கிறது. பள்ளமான பகுதி வெறுமையாய் நிற்கிறது. ரப்பராலோ ஒளியால் இறுகும் போட்டோபாலிமராலோ ஆன தகடு ஓர் உருளையைச் சுற்றி ஒட்டப்படுகிறது. நுண்ணிய குழிகள் நிறைந்த அனிலாக்ஸ் என்னும் மற்றோர் உருளை, அளவான மையைத் தகட்டின்மேல் பூசுகிறது. மை நீர்த்தது, விரைவில் உலர்வது.

இம்முறையில் இயங்கிய முதல் இயந்திரம் 1890-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் காகிதப் பை செய்வோரால் அமைக்கப்பட்டது. அக்காலத்து மை எளிதிற் கலைந்தமையால் அம்முயற்சி நகைப்புக்கு இடமாயிற்று. பின்னர் அனிலின் சாயங்கள் கலந்த மை வழக்கில் வர, 'அனிலின் அச்சு' என்ற பெயர் நிலைத்தது. அனிலின் நச்சுப்பொருள் என்ற எண்ணம் உணவுப் பொதிகளுக்குத் தடையாயிருந்ததால், 1952-இல் அமெரிக்காவில் இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

சித்திரம் ஏன் சுருங்க வேண்டும்?

தட்டையாகச் செய்யப்பட்ட தகட்டை உருளையின்மேல் வளைக்கும்போது அதன் மேற்பரப்பு நீளுகிறது. அடியில் உள்ள பாலியெஸ்டர் தாள் நீளாது. மேலே உள்ள மென்பொருள் மட்டும் இழுபடும். இதனால் உருளையின் சுற்றுத் திசையில் எழுத்தும் படமும் நீண்டு பதியும். குறுக்குத் திசையில் மாற்றமில்லை. எனவே மூலச் சித்திரத்தைச் சுற்றுத் திசையில் மட்டும் முன்கூட்டியே குறைத்து வரைதல் வேண்டும்.

குறைக்கும் அளவைக் கணக்கிடுதல் எளிது. தகட்டின் மொத்தக் கனத்திலிருந்து அடித்தாளின் கனத்தைக் கழித்து, எஞ்சியதை 6.28-ஆல் பெருக்கி, ஒரு சுற்றில் அச்சாகும் நீளத்தால் வகுக்க வேண்டும். தகடு 2.84 மில்லிமீட்டர், அடித்தாள் 0.18 மில்லிமீட்டர், சுற்று நீளம் 400 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். எஞ்சும் கனம் 2.66, பெருக்கினால் 16.7, வகுத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 4.2 ஆகும். ஆகவே 100 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பதிய வேண்டிய படத்தை 95.8 மில்லிமீட்டராகவே அமைக்க வேண்டும். வட்டமாகப் பதிய வேண்டிய முத்திரை, சித்திரத்தில் சற்றே அமுங்கிய வட்டமாகத் தோன்றும். இதைப் பிழையெனக் கருதித் 'திருத்தி' விடலாகாது.

எழுத்தும் கோடும்

மென்மையான தகடு அழுத்தத்தில் சற்றே பரவும். ஆதலின் கோடுகள் தடிக்கும், சிறு துளைகள் மையால் அடைபடும். தமிழின் புள்ளியும் எழுத்துகளின் சுழிகளும், தேவநாகரியின் பிந்துவும் இத்தீங்குக்கு முதலில் இலக்காகும். விதைப் பையில் 6 என்னும் இலக்கத்தின் திறந்த வாய் மூடி 8 போலத் தோன்றினால், உழவர் இடும் அளவே மாறிவிடும். ஆகவே முரட்டுக் கிராப்ட் காகிதத்தில் மிகச் சிறிய எழுத்தைத் தவிர்க்க வேண்டும். நிறத்தின் நடுவே வெள்ளையாக விடப்படும் எழுத்து இன்னும் பெரிதாகவும் தடிப்பாகவும் இருத்தல் வேண்டும்.

இரு நிறங்கள் சந்திக்குமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று சுமார் அரை மில்லிமீட்டர் ஏறியிருக்குமாறு வரைந்தால், காகிதம் சிறிது நகர்ந்தாலும் இடைவெளி தெரியாது. பழுப்புக் காகிதத்தில் மஞ்சள் முதலிய வெளிர் நிறங்கள் மங்கித் தோன்றும். பசை ஒட்டும் விளிம்பில் மை படலாகாது. மடிப்புக் கோட்டில் எழுத்து விழலாகாது. பார்கோடின் கோடுகள் காகிதம் ஓடும் திசையிலேயே அமைய வேண்டும். குறுக்கே அமைந்தால் அவை தடித்து, கருவியால் படிக்க இயலாமற் போகும்.

தகடு உருவாகும் விதம்

போட்டோபாலிமர்த் தகட்டின் பின்புறத்தில் முதலில் புற ஊதா ஒளி பாய்ச்சப்படுகிறது. இதனால் அடித்தளம் இறுகுகிறது. பின்பு முன்புறத்தில் நெகட்டிவ் படலத்தைப் படியவைத்து மீண்டும் ஒளி பாய்ச்சுவர். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் நீரிலோ கரைப்பானிலோ கழுவப்பட்டுப் பள்ளமாகும். பிறகு வெப்பக் காற்றில் நன்கு உலர்த்தி, இறுதியாக ஒருமுறை ஒளி பாய்ச்சுவர். ஒளி குறைந்தால் மெல்லிய கோடுகள் கழுவும்போதே பெயர்ந்துவிடும். மிகுந்தால் எழுத்தின் உட்பள்ளம் தூர்ந்துவிடும். உலர்த்துதல் குறைந்தால் தகடு வீங்கியே நின்று கனம் மாறுபடும். இயந்திரத்திலும் தகடு காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் மெல்லென அழுத்துதலே போதும்.

உணவுப் பொருளுக்குரிய எச்சரிக்கை

அச்சிட்ட பக்கம் உணவை நேரே தொடலாகாது என்பதும், செய்தித்தாளில் உணவைப் பொதியலாகாது என்பதும் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பொதிவு விதிகளின் கட்டளைகளாகும். பொதிவு மை இந்தியத் தரம் 15495-க்கு இணங்கியிருத்தலும் வேண்டும். பழைய செய்தித்தாளில் பை ஒட்டும் குடும்பங்களுக்குக் களப் பணியாளர் இதனை எடுத்துரைத்தல் கடமையாகும்.

வகுப்பறைச் சோதனை

பழைய ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தில் ஒரு பட்டையை வெட்டி, அதன்மேல் 3 சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வரையச் செய்க. பட்டையை ஒரு புட்டியைச் சுற்றி வளைத்து, நூலாற் கட்டி, வட்டக் கோட்டின்மேல் மை தடவிக் காகிதத்தில் உருட்டினால், நீண்ட வட்டமே பதியும். அதன் நெடுக்கையும் குறுக்கையும் மாணவர் அளந்து, நீட்சியைக் கணக்கிடட்டும். அதற்கேற்ப அமுங்கிய வட்டம் ஒன்றை வேறொரு பட்டையில் வரைந்து மீண்டும் உருட்டினால், ஏறக்குறைய முழு வட்டம் கிடைக்கும். பட்டறையில் சித்திரக்காரர் செய்யும் வேலையும் இதுவே.