வெடி என்றால் நடுக்கம்! வாணம் என்றால் ஏக்கம்!

மொட்டை மாடிக்கும் வீட்டுக்கும் நடுவே தவிக்கும் வாலிபர்

சென்னை, மேற்கு மாம்பலம்:

தீபாவளி இரவு வந்துவிட்டால் தெருவில் பாதிப் பேர் மொட்டை மாடியில் இருப்பார்கள். மீதிப் பேர் வாசலில் இருப்பார்கள். ஒருவர் மட்டும் மாடிப்படியில் நிற்பார்.

மேலே போனால் சத்தம். கீழே போனால் ஏக்கம். எங்கே போவது என்று தெரியாமல் நடுப்படியில் நின்றுவிடுவார்.

அவருக்கு வயது 31. பாரிமுனையில் ஒரு காகித மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். தினமும் காலையில் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறுகிறார். கடற்கரை நிலையத்தில் இறங்குகிறார். கணக்கில் ஒரு பைசா தப்பாது.

அவருக்கு ஆட்டிசம் உண்டு. 24 வயதில்தான் டாக்டர் சொல்லித் தெரிந்தது. அதுவரை தெருப் பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர், "பயந்தாங்கொள்ளி!"

"பெயர் மட்டும் போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டு அவர் மனம்விட்டுப் பேசினார்.

பயம் அல்ல!

"எல்லாரும் பயம்னு நினைக்கிறாங்க சார். பயம் வேற, இது வேற. வெடி என் உடம்புக்குள்ளேயே வெடிச்ச மாதிரி இருக்கும். பல் கூசும். பக்கத்துல யார் என்ன பேசுறாங்கன்னே புரியாது. சரியாக அஞ்சு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள அடுத்த வெடி!"

ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல. கெட்ட வளர்ப்பும் காரணம் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கூறப்பட்டுள்ள 21 வகைகளில் அதுவும் ஒன்று.

சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் ஆகியவை இவர்களில் பலருக்கு அளவுக்கு மீறித் தெரியும். சிலருக்கு நேர்மாறாகக் குறைவாகத் தெரியும். இன்னும் பலமாக வெடிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட புதிய கையேட்டில், இதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

"நாலு வெடி கேட்டா பழகிடும்" என்று நாம் சொல்வோம். நமக்குப் பழகிவிடும். அவருக்குப் பத்தாவது வெடியும் முதல் வெடி போலத்தான்!

ரயில் சத்தம் எப்படி?

மின்சார ரயில் ஊதுகிறதே, அது தொல்லை இல்லையா என்று கேட்டோம். சிரித்தார்.

"ரயில் வர்றது கண்ணுக்குத் தெரியுது சார். எப்ப ஊதும்னும் தெரியும். பல்லைக் கடிச்சுக்கிட்டா போயிடும். லட்சுமி வெடி அப்படியா? யார் எங்கே பத்த வெச்சாங்கன்னே தெரியாது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடியே முதுகு விறைச்சுப் போயிடும். வெடி வராத நேரத்துலயும் வெடிக்காகக் காத்துக்கிட்டே இருப்பேன்."

அப்படியானால் வாணவேடிக்கையே வேண்டாம் என்கிறாரா?

"ஐயோ, அது இல்லாம எப்படி!"

முதலில் வெளிச்சம், பிறகு சத்தம்

வானத்து வேடிக்கை பற்றிப் பேச்சு வந்ததும் மனிதரின் முகமே மாறிவிட்டது. எந்த நிறத்துக்கு எந்த உப்பு என்று மளமளவென்று ஒப்பித்தார்.

சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். மஞ்சளுக்கு சோடியம். நீலத்துக்குத் தாமிரம். பச்சைக்கு பேரியம். பட்டாசில் பேரியம் சேர்ப்பதை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை செய்தது என்பதையும் அவரே சொன்னார்.

எட்ட வெடிக்கும் வாணத்தில் அவருக்கு இன்னொரு வசதி.

"நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு வாணம் விரியுதுன்னு வைங்க. வெளிச்சம் உடனே தெரியும். சத்தம் ஒரு கிலோ மீட்டர் வர மூணு செகண்டு ஆகும். நான் மனசுக்குள்ள எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒன்பதுல 'டொம்'னு கேட்கும். அந்த வாணம் முதல்லயே எனக்குச் சொல்லிடுது சார், 'நான் வரப்போறேன்'னு. அதனால அது எனக்கு சிநேகிதன்!"

வாசலில் வெடிக்கும் அணுகுண்டு அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. இதுதான் சங்கதி.

2023 தீபாவளியில்...

வீட்டார் முதலில் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். தீபாவளி இரவு அவரை உள்ளறையில் வைத்து, கதவைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரிப்பது கேட்கும்.

"சத்தம் ஒரு வேதனைன்னா, அது இன்னொரு வேதனை. பண்டிகை அன்னைக்கு வீட்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி இருந்தேன்."

2023 தீபாவளிக்குத் துணிந்து வாசலுக்கு வந்தார். அக்காள் மகளுக்கு அப்போது 7 வயது. மாமா வெளியே வந்துவிட்டாரே என்ற குஷியில், அவருக்குத் தெரியாமல் பின்னால் ஒரு லட்சுமி வெடியைப் பற்ற வைத்துவிட்டாள்.

வெடித்தது. அலறிக்கொண்டு திரும்பியவர் கை பட்டு குழந்தை கீழே விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். இரவு 11 மணி வரை வெளியே வரவில்லை.

"காயம் நாலு நாள்ல ஆறிடுச்சு. ஆனா பல மாசம் அவ என் பக்கத்துல வரலை. எதிர்ல வந்தாலே ஒதுங்கிப் போவா. என்னைப் பார்த்துக் குழந்தை பயப்படுதேன்னு நினைச்சப்போதான் பயம்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சுது."

இதைச் சொன்னபோது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

மளிகைக் கடையில் கிடைத்த யோசனை

2024 தீபாவளிக்கு முந்தின வாரம். தெருமுனை மளிகைக் கடையில் சாமான் வாங்கப் போன அக்காள், இதைச் சொல்லிக் கண் கலங்கினார். கடைக்காரருக்கு சிவகாசிப் பக்கம் ஊர்.

"பட்டாசை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரன் நான். வெடிக்காதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது. அந்தத் தம்பியும் அப்படிக் கேக்கல. 'சொல்லிட்டு வெடிங்க அண்ணாச்சி'ன்னுதான் கேட்டாரு. அதுல நமக்கு என்ன நஷ்டம்?" என்கிறார் அவர்.

அண்ணாச்சி ஒரு விசில் வாங்கினார். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டார். விசில் ஊதாமல் யாரும் வெடியைப் பற்ற வைக்கக் கூடாது!

தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி வரை, இரவு 7 முதல் 8 மணி வரை என்று நேரம் குறித்து அறிவித்து வருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் தெருவில் எல்லாரும் மதிப்பது என்றும் முடிவாயிற்று.

வாலிபர் தன் பங்குக்குப் பாரிமுனையில் ஒரு காதுக் கவசம் வாங்கினார். தொழிற்சாலைகளில் மாட்டிக்கொள்வார்களே, அதே ரகம்.

25 நிமிடம்

இரவு 7 மணி. கவசத்தை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். நடுப்படியில் கொஞ்சம் நின்றார். பிறகு மொட்டை மாடிக்கே போய்விட்டார்!

கீழே விசில் ஊதியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வெடித்தது. அடுத்த விசில். அடுத்த வெடி. தாங்க முடிந்தது.

அக்காள் மகள் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். தூரத்தில் ஒரு வாணம் விரிந்தது. அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அவளும் எண்ணினாள். ஆறில் சத்தம் வந்தது. "ரெண்டு கிலோ மீட்டர் மாமா!" என்று கத்தினாள்.

அத்தோடு எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது வேறு.

25-வது நிமிடம் பின்தெருவில் யாரோ அணுகுண்டு வைத்தார்கள். அங்கே விசில் ஏது? அவர் காதைப் பொத்திக்கொண்டு கீழே ஓடிவிட்டார். கந்தகப் புகையும் சேர்ந்து தலைவலி மறுநாள் வரை நீடித்தது.

"கவசம் போட்டா வெடிச் சத்தம் குறையுது. கூடவே புஸ்வாணம் சீறுற சத்தம், பிள்ளைங்க சிரிக்கிற சத்தம் எல்லாம் போயிடுது. அதைக் கேட்கத்தானே மேல போனேன்! போனது நல்லதா, கெட்டதான்னு இன்னமும் எனக்குத் தெரியலை. ஆனா உள்ளறைக்கு மட்டும் திரும்பிப் போக மாட்டேன்."

நாம் செய்யக்கூடியது

4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் வெடி கூடாது என்று 1999-லேயே விதி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது. இதெல்லாம் சட்டம்.

சட்டத்தில் இல்லாத ஒன்றைத்தான் இந்த வாலிபர் கேட்கிறார். பற்ற வைக்கும் முன் ஒரு குரல். அவ்வளவுதான்!

உங்கள் தெருவிலும் ஒருவர் மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கலாம். ஒரு விசில் என்ன விலை இருக்கும்?

மளிகைக் கடை அண்ணாச்சி அந்த விசிலைத் தூக்கிப் போடவில்லை. கல்லாப் பெட்டியில் சில்லறையோடு பத்திரமாக வைத்திருக்கிறார். அடுத்த தீபாவளிக்கு முன்னால், இன்னொரு விசில் வாங்கிப் பின்தெருவுக்குக் கொடுக்கப் போகிறாராம்.