கார் பேட்டரி டவுனா? ஜம்ப் ஸ்டார்ட்டர் கைகொடுக்கும்... ஆனால், அது கடன்தான்!

விடிகாலை 5 மணி. ஆத்தாவுக்குக் கோயம்புத்தூரில் கண் ஆபரேஷன். 7 மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஊத்துக்குளியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரில் ஏறி, அப்பா சாவியைத் திருப்பினார். 'டிக்... டிக்... டிக்...' அவ்வளவுதான். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன.

"ஏனுங்ணா, செல்ஃப் எடுக்கலீங்களா?" என்றபடி எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டு அண்ணன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். உள்ளே போனவர், பவர் பேங்க்கைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியோடு வந்தார். சிவப்பு, கறுப்பு என இரண்டு கிளிப். பேட்டரியில் மாட்டினார். அப்பா சாவியைத் திருப்ப, வண்டி உறுமியது.

"இந்தத் துக்குணூண்டு பொட்டிக்கு இத்தனை தெம்பா சாமி?" என்றார் ஆத்தா.

சந்தோஷம் செங்கப்பள்ளி வரைதான். பெட்ரோல் போட பங்க்கில் இன்ஜினை அணைத்தோம். மறுபடியும் 'டிக்... டிக்...' பெட்டியோ ஊத்துக்குளியில்! பங்க்கில் இருந்த நாலு பேர் தள்ளிவிட, இரண்டாவது கியரில் ஒருவழியாகக் கிளம்பினோம். கியர் வண்டி என்பதால் தப்பித்தோம். ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 7.20. நல்லவேளையாக ஆபரேஷன் தள்ளிப் போகவில்லை.

ஜம்ப் ஸ்டார்ட்டர் பொய் சொல்லவில்லை. அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று எங்களுக்குத்தான் தெரியவில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆரம்ப காலத்தில் காரை ஸ்டார்ட் செய்ய, முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். 1912-ல் கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. வடிவமைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அதைத்தான் நம் ஊரில் 'செல்ஃப் மோட்டார்' என்கிறோம்.

அந்த மோட்டாரைச் சுழற்ற சில விநாடிகளுக்கு 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். டீசல் வண்டிக்கு இன்னும் அதிகம். காரில் இருக்கும் ஈய-அமில பேட்டரி வலுவிழந்தால் இதைக் கொடுக்க முடியாது. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரில் இருப்பது லித்தியம் பேட்டரி. எடை குறைவு. ஆனால், ஒரே மூச்சில் பெரிய அளவு மின்சாரத்தைத் தள்ளும்.

கிணத்து மோட்டாரும் குடத்துத் தண்ணியும்

கிணத்து மோட்டார் தண்ணி எடுக்காவிட்டால் என்ன செய்வோம்? ஒரு குடம் தண்ணியை பம்பில் ஊற்றி பிரைமிங் செய்வோம். பிடித்துக்கொண்டால் கிணற்றுத் தண்ணி வரும். அந்த ஒரு குடத்தால் காடு நனையாது இல்லையா? ஜம்ப் ஸ்டார்ட்டரும் அந்தக் குடம்தான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 எம்.ஏ.எச் என்று போட்டிருக்கும் பெட்டியில் இருப்பது சுமார் 37 வாட்-மணி. சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைந்திருந்தால் சுமார் 420 வாட்-மணி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை! பெட்டி உங்கள் பேட்டரியை சார்ஜ் செய்வதில்லை. இன்ஜினை ஓடவைக்கிறது. அதன்பிறகு பேட்டரியை நிரப்புவது, மெக்கானிக்குகள் 'டைனமோ' என்று சொல்லும் ஆல்டர்னேட்டரின் வேலை. ஊத்துக்குளியிலிருந்து செங்கப்பள்ளிக்குப் போகும் நேரம் அதற்குப் போதவில்லை.

நம் பக்கம் ஏன் இது அடிக்கடி நடக்கிறது?

வாரம் முழுக்க கம்பெனிக்கு டூவீலர், கல்யாணம் காட்சிக்கு மட்டும் கார் என்பது பல வீடுகளின் வழக்கம். நிற்கிற காரிலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சென்ட்ரல் லாக், ஜி.பி.எஸ்., டேஷ் கேமரா எல்லாம் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. பத்து நிமிடப் பயணம் மட்டுமே போனால், ஸ்டார்ட் செய்யச் செலவானது திரும்ப ஏறாது. போதாக்குறைக்கு வெயில், பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும்.

எப்படிப் பயன்படுத்துவது?

பெட்டியோடு வரும் கையேட்டை முதலில் படியுங்கள். பொதுவான முறை இதுதான்:

1. சாவி, விளக்கு, ஏ.சி., மியூசிக் சிஸ்டம் எல்லாவற்றையும் அணையுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் 'பார்க்'.

2. பெட்டியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. சிவப்பு கிளிப் பிளஸ் முனையில். கறுப்பு கிளிப் மைனஸ் முனையில், அல்லது கையேடு சொல்லும் உலோகப் பகுதியில். முனையில் உப்பு பூத்திருந்தால் முதலில் துடையுங்கள்.

4. பச்சை விளக்கு எரிந்ததும் ஸ்டார்ட் செய்யுங்கள். 3 முதல் 5 விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்க வேண்டாம்.

5. எடுக்கவில்லையா? ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். மூன்று முறைக்குப் பிறகும் எடுக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

6. இன்ஜின் ஓடியதும் கிளிப்புகளை உடனே கழற்றுங்கள். அவை ஒன்றோடொன்று உரசக் கூடாது.

டாஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் ஒரே ஒரு 'டிக்'கோடு நின்றால், கோளாறு செல்ஃப் மோட்டாரில் இருக்கலாம். அதற்கு இந்தப் பெட்டி உதவாது.

இதெல்லாம் வேண்டாமே!

* பேட்டரி உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், அமிலம் கசிந்தால் ஜம்ப் ஸ்டார்ட் கூடவே கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், வெடிக்கலாம். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி வேண்டாம். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

* பல பெட்டிகளில் 'பூஸ்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் பாதுகாப்பு வசதிகள் விலகிவிடும். அந்த நேரத்தில் பிளஸ், மைனஸ் மாறினால் காரின் எலெக்ட்ரானிக்ஸ் பொசுங்கலாம்.

* சித்திரை வெயிலில், பூட்டிய காருக்குள் பெட்டியை விட்டுவைக்காதீர்கள். லித்தியத்துக்குச் சூடு ஆகாது. வீட்டு அலமாரியில் வைத்து, கிளம்பும்போது கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

* ஹைபிரிட், மின்சார கார்களின் பெரிய பேட்டரியில் கை வைக்கவே கூடாது. அவற்றிலும் தனியாக 12 வோல்ட் பேட்டரி உண்டு. அதற்கும் காரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே.

வாங்கும் முன்...

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 'பீக்' ஆம்பியர். அது நொடிக்கும் குறைவாகக் கிடைக்கும் உச்ச அளவு. ஸ்டார்ட் செய்யும்போது தொடர்ந்து கிடைக்கும் ஆம்பியர் எவ்வளவு, எத்தனை லிட்டர் பெட்ரோல் இன்ஜின், எத்தனை லிட்டர் டீசல் இன்ஜின் வரை தாங்கும் என்று பாருங்கள். கிளிப்பை மாற்றி மாட்டினால் எச்சரிக்கும் வசதி அவசியம். பயன்படுத்தாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். அவசரத்தில் பெட்டியே காலியாக இருந்தால் என்ன பயன்?

ஸ்டார்ட் ஆன பிறகுதான் வேலையே!

இன்ஜினை அணைக்காமல் அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். அன்றைக்கே பேட்டரிக் கடையில் காட்டுங்கள். அணைத்துச் சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறவில்லை என்றால் டைனமோவைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டியில் பேட்டரிக்கு ஐந்து வயது. செல் போய்விட்டது என்றார் கடைக்காரர். பழையதைக் கொடுத்து, அதன் விலையைக் கழித்துக்கொண்டு புதிதாகப் போட்டோம். அப்பா இப்போது வாரம் ஒருமுறையாவது காரைப் பெருந்துறை வரை ஓட்டிவிட்டு வருகிறார்.

ஒரே ஒரு விஷயம். அன்று எங்களுக்கு நாள் குறித்த ஆபரேஷன். அதுவே நெஞ்சுவலியாக இருந்திருந்தால்? பேட்டரி, கிளிப் என்று பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கவே கூடாது. முதலில் 108-க்கு போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033. உங்கள் கார் இன்ஷூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்றும் இன்றே பார்த்து, அந்த எண்ணை மொபைலில் பதிந்து வையுங்கள்.

கடன் கொடுக்க ஒரு பெட்டி கையில் இருப்பது நல்லதுதான். கடன் வாங்காமல் இருக்க, பேட்டரியை மாதம் ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது!