சிப்பி மணலும் நீரோட்டமும்

கடலடியில் படிந்திருக்கும் மணலும் சேறும் எல்லாமே ஆறுகள் அடித்துவந்தவை அல்ல. பெருங்கடல்களின் தரையில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் கடலுக்குள்ளேயே பிறந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் கலந்து கிடக்கின்றன. பவளம், சிப்பி, சங்கு, உடலில் சுண்ணாம்பைச் சேர்க்கும் பாசிகள், மேல்நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்கள் என்று இந்தப் படிவுக்குப் பொருள் தருபவை பல. அவை வாழ்ந்த இடத்துக்கும் அவற்றின் மிச்சம் கடைசியில் படியும் இடத்துக்கும் இடையே சில அடி தூரமும் இருக்கலாம், பல நூறு கிலோமீட்டரும் இருக்கலாம். அந்தத் தூரத்தை அவை ஓடும் நீரில்தான் கடக்கின்றன.

ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற ஒரே கனிமம். உருண்டு தேய்ந்த துகள்கள், ஏறக்குறைய ஒரே எடை. உயிர்கள் தரும் மணல் அப்படி ஒரே சீராக இருப்பதில்லை. ஹாலிமீடா என்ற பச்சைப் பாசி இறந்தால் அதன் உடல் தட்டையான சுண்ணாம்பு வில்லைகளாக உதிர்கிறது. ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரியின் ஓட்டுக்குள் பல வெற்று அறைகள் உண்டு. ஜப்பானின் தெற்கே தகெதோமி தீவில் சின்னக் குப்பிகளில் அடைத்து விற்கப்படும் நட்சத்திர மணல் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஒவ்வொரு துகளிலும் முனைகள் நீண்டிருக்கும். காக்கோலித் என்பவை சில மிதக்கும் நுண்பாசிகள் உதிர்க்கும், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ள சுண்ணாம்புத் தகடுகள். டயாட்டம் என்ற நுண்பாசிகளின் கூடு சுண்ணாம்பால் ஆனதல்ல, சிலிக்காவால் ஆனது. ஆகவே ஒரு கைப்பிடி மணலிலேயே குண்டு, தட்டை, ஊசி, கூர்முனை என எல்லா வடிவமும் இருக்கும். நீர் ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாக நடத்துகிறது.

தரையை ஒட்டி ஓடும் நீர் அங்குள்ள துகளை உராய்ந்து முன்னே தள்ளுகிறது. துகளின் மேல்புறத்தில் நீர் வேகமாகச் செல்வதால் மேல்நோக்கிய இழுப்பும் சிறிதளவு உண்டாகிறது. துகளின் எடை இதை எதிர்த்து நிற்கும். நீரின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் துகள் அசைகிறது. அந்த எல்லையை அளவிடும் முறையை ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் 1936-இல் பெர்லினில் வெளியிட்டார்; இன்றும் கடலடிப் பொறியாளர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அசையத் தொடங்கிய பருமணல் தரையிலேயே உருண்டும் துள்ளியும் நகரும். நுண்துகள் நீரோடு கலந்து மேலெழுந்துவிடும். அப்படி எழுந்தது எளிதில் இறங்காது. சேற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. மிக நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், படிந்து இறுகிய சேற்றைக் கிளப்ப மணலைக் கிளப்புவதைவிட அதிக வேகம் வேண்டும். கிளம்பிய பிறகோ மெல்லிய நீரோட்டமே அதைச் சுமக்கப் போதும்.

ஷீல்ட்ஸின் கணக்கு கெட்டியான, உருண்டையான துகளை மனதில் வைத்து எழுந்தது. அதை அப்படியே சிப்பி மணலுக்குப் பொருத்தினால் தவறும். சுண்ணாம்புக் கனிமம் குவார்ட்ஸைவிடச் சற்றுக் கனமானதுதான். ஆனால் ஃபோராமினிஃபெரா ஓட்டின் அறைகளுக்குள் நீர் நிறைந்திருப்பதால் துகள் மொத்தத்தில் இலேசாகிவிடுகிறது. அதே அளவுள்ள குவார்ட்ஸ் மணலைவிட அது மெதுவாக அமிழும், குறைந்த வேகத்திலேயே நகரும். ஹாலிமீடா வில்லை நீருக்குள் ஆடியாடி இறங்கும். தரையில் படுத்துவிட்டால் தன்னளவுள்ள உருண்டைத் துகளைப் போல எளிதில் உருளாது. இதனால் சல்லடையில் சலித்து அளந்த பருமனை மட்டும் வைத்து, இந்தப் படிவை எவ்வளவு வேகமான நீர் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது.

வடிவத்தின் விளைவைக் கடற்கரையிலேயே பார்க்கலாம். அலை ஏறி இறங்கும் ஈர மணலில் பிரிந்து கிடக்கும் ஒற்றைச் சிப்பி ஓடுகளில் பெரும்பாலானவை குவிந்த முதுகை மேலே காட்டிக் கவிழ்ந்திருக்கும். மல்லாந்து கிடக்கும் ஓட்டின் விளிம்பில் ஓடும் நீர் மோதி அதைப் புரட்டுகிறது. கவிழ்ந்த பிறகு நீர் வழுக்கிச் செல்வதால் அது அப்படியே தங்கிவிடுகிறது. அசையாத நீரில் மெல்ல அமிழும் ஓடோ பெரும்பாலும் மல்லாந்துதான் தரையைத் தொடும். பல லட்சம் ஆண்டு பழைய பாறையில் சிப்பி அடுக்கைக் காணும் நிலவியலாளர், ஓடுகள் கவிழ்ந்திருக்கின்றனவா, மல்லாந்திருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பது இதனால்தான்.

கடலடியில் வாழும் உயிர்களும் இந்தக் கணக்கில் குறுக்கிடுகின்றன. நுண்பாசிகளும் பாக்டீரியாக்களும் சுரக்கும் பிசின் துகள்களை ஒட்டவைக்கிறது. கடற்புல் தன் இலைகளால் நீரின் வேகத்தைக் குறைத்து, வேர்களால் மணலைப் பிடித்துவைக்கிறது. புழுக்களும் வளை தோண்டும் இறால்களும் கடல் அட்டைகளும் தரையைக் கிளறி மணலை நீர் எடுத்துச்செல்ல ஏதுவாக்குகின்றன.

ஆழமற்ற வெப்பக் கடல்களில் இந்த மணல் தீவாகவே எழுந்து நிற்கிறது. மாலத்தீவின் 1,200-க்கு நெருங்கிய தீவுகளில் ஆறு கிடையாது. அங்குள்ள மணல் முழுவதும் பவளத்திட்டு தந்தது. அதில் பெரும்பங்கு கிளிமீன்களுடையது. கிளிமீன் அலகு போன்ற பற்களால் பவளப்பாறையைச் சுரண்டி, தொண்டையில் உள்ள அரவைப் பற்களால் பொடித்து, வேண்டாததை மணலாகக் கழிக்கிறது. வக்கரு என்ற தீவைச் சுற்றிய திட்டில் ஆண்டுதோறும் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் அதிகமானது கிளிமீன்கள் தந்தது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்த மணல் திட்டிலேயே கிடந்தால் தீவு உருவாகாது. திட்டின் விளிம்பில் உடையும் அலை நீரை உள்ளே தள்ளுகிறது. அந்த நீர் மணலையும் இழுத்து வந்து, இரு பக்க அலைகளும் வளைந்து சந்திக்கும் இடத்தில் குவிக்கிறது. குவிந்த பிறகும் ஓட்டம் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வரும் அலைகள் கரை மணலைத் தீவின் கிழக்குப் பக்கம் கொண்டுசேர்க்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் அதில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. ஒரே தீவில் ஆறு மாதம் அகன்று கிடந்த கடற்கரை அடுத்த ஆறு மாதம் காணாமல் போவது அங்கே இயல்பு. இதை அறியாமல் கரையோரம் சுவரும் துறைமுகத் தளமும் கட்டினால் மணலின் சுற்று அறுபட்டு, ஒரு பக்கம் குவியல், மறு பக்கம் அரிப்பு என்றாகிவிடும்.

புயல் ஒரே நாளில் செய்வது வேறு. 1972 அக்டோபரில் பெபே புயல் தீவு நாடான தூவாலுவின் ஃபுனாஃபுடி பவளத்தீவைத் தாக்கியபோது, திட்டின் வெளிச்சரிவில் கிடந்த பவளத் துண்டுகளை வாரி, ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீளமும் சில இடங்களில் 4 மீட்டர் உயரமும் கொண்ட கல்மேட்டைக் கரையில் எழுப்பியது. பின்வந்த சாதாரண அலைகள் அதைச் சிறிது சிறிதாகக் கலைத்துக் கரையோடு சேர்த்தன.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளும் இப்படிப் பவள மணலால் எழுந்தவைதான். 21 தீவுகள் என்று கணக்கு. அவற்றில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம். பார் எனப்படும் பவளத்திட்டு உயிரோடு இருந்தவரை அலை அதில் உடைந்து வலுவிழந்தது; உதிர்ந்த பவளத்தையும் சிப்பியையும் நீரோட்டம் தீவுக்குக் கொண்டுவந்தது. பார் வெட்டப்பட்டதும் அலை நேரே தீவின் மேல் வந்தது, எடுத்துச்சென்ற மணலுக்கு ஈடாகப் புதிய மணலும் வரவில்லை. அடுத்து மறையும் நிலையில் இருந்த வான் தீவின் கடற்பக்கம் கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டிருக்கின்றன.

திட்டிலும் தீவிலும் தங்காத மணல் சரிவு வழியே ஆழத்துக்குப் போகிறது. பஹாமா தீவுகளின் ஆழமற்ற சுண்ணாம்பு மேடையில் பாசிகள் உதிர்த்த நுண்ணிய சுண்ணாம்புச் சேற்றைப் புயல்கள் கலக்க, கலங்கிய நீர் ஓதத்தோடு மேடையின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. சேறு கலந்த நீர் கனமானது என்பதால், சில வேளை அது தனி ஓட்டமாகவே சரிவில் பாய்ந்து, ஆழத்தில் பருமணலை முதலிலும் நுண்சேற்றை அதன் மேலும் படியவிடுகிறது. ஆற்று மண் ஆழ்கடலுக்கு அதிகம் போனது கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில். பவள மேடைகளில் கதை தலைகீழ். அப்போது கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்ததால் மேடைகள் வறண்டு, மணல் உற்பத்தியே நின்றுபோனது. கடல் உயர்ந்து மேடை மூழ்கியிருக்கும் காலத்தில்தான் அவை ஆழத்துக்கு அதிகம் அனுப்புகின்றன.

ஆழ்கடலின் சொந்தப் படிவு மேலிருந்து விழுவது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் அள்ளிவந்த சேற்றை ஆராய்ந்த ஜான் மர்ரேயும் அல்போன்ஸ் ரெனாரும் 1891-இல் அதன் வகைகளை வகுத்துத் தந்தார்கள். தனியாக விழும் ஒரு காக்கோலித் 4 கிலோமீட்டர் ஆழத்தை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் நீரோட்டம் அதை எங்கோ கொண்டுபோயிருக்கும். ஆனால் இறாலுக்கு உறவான சிற்றுயிர்கள் அதைத் தின்று உருண்டையாகக் கழிப்பதால், பெரும்பகுதி சில வாரங்களிலேயே கீழே போய்ச் சேர்கிறது. மேல்நீரின் உயிர்வகைக்கும் நேர் கீழே உள்ள படிவுக்கும் பொருத்தம் இருப்பது இதனால்தான்.

ஆழ்கடல் தரை அசைவற்றது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. கடலடிக் கேமராக்கள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. படங்களில் சேற்றின் மேல் வரிவரியாக மணல் அலைகள் தெரிந்தன. துருவக் கடல்களில் குளிர்ந்து அமிழ்ந்த கனமான நீர், பூமியின் சுழற்சியால் ஒதுக்கப்பட்டு, கண்டச் சரிவை ஒட்டி ஒரே ஆழக்கோட்டில் ஓடுகிறது. அது படிவுகளைக் கூட்டிக் குன்றுகளாக்குகிறது என்று 1966-இல் புரூஸ் ஹீஸனும் சார்லஸ் ஹாலிஸ்டரும் சக ஆய்வாளரோடு எழுதினார்கள். நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால், ஏறக்குறைய 4,800 மீட்டர் ஆழத்தில் 1980-களில் வைத்த கருவிகள், நொடிக்கு 20 சென்டிமீட்டரைத் தாண்டும் அடிநீர்ப் புயல்களைப் பதிவுசெய்தன. மணிக்கு 1 கிலோமீட்டர்கூட இல்லாத வேகம்தான். ஆனாலும் நுண்சேற்றைக் கிளப்பி அந்த ஆழத்து நீரையே கலக்கிவிட அது போதும்.

முறத்தில் புடைக்கும்போது உமி பறந்து அரிசி தங்குவது போல, நீரோட்டம் காக்கோலித் சேற்றை வாரிக்கொண்டு போக, அதைவிடக் கனமான ஃபோராமினிஃபெரா ஓடுகள் மட்டும் மணலாகத் தங்குகின்றன. கடலடி மலைமுகடுகளில் நீர் நெருக்கி ஓடுவதாலும், ஓதம் அங்கே வேகம் கொள்வதாலும், இந்த மணல் அங்கே மிகுதி. ஈக்வடாருக்கு மேற்கே கார்னகி முகட்டில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஃபோராமினிஃபெரா மணல் குன்றுகளாகவே எழுந்திருப்பதை 1974-இல் லான்ஸ்டேல், மால்ஃபைட் என்ற ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பாலைவனத்தில் காற்று செய்வதை அந்த இருட்டில் நீர் செய்கிறது. வாரப்பட்ட சேறு வேகம் குறையும் இடத்தில் தடித்த மேடாகக் குவிகிறது. திறந்த கடலில் 1,000 ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் படியும் இடத்தில், இந்த மேடுகளில் பல பத்து சென்டிமீட்டர் சேரும்.

இத்தகைய மேடுகளில் பழைய கடலின் கதை அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. 2015-இல் மாலத்தீவுக் கடலடியில் துளையிட்டபோது, ஏறக்குறைய 1 கோடியே 29 லட்சம் ஆண்டுகளுக்கு முன் படிவின் முகமே மாறியது தெரிந்தது. அதற்கு முன் பவள மேடைகளிலிருந்து சரிந்து விழுந்த சுண்ணாம்பு அடுக்குகள். அதன் பின் நீரோட்டம் வாரிக் குவித்த மேடுகள். பருவக்காற்று இன்றைய வலுவை அப்போது பெற்று, தீவுகளின் நடுவே நீரை விரட்டத் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் அதை விளக்கினார்கள்.

வேறிடத்துச் சேறும் கலந்திருக்கும் என்பதால் இந்தப் பதிவை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். வட அட்லாண்டிக்கின் பெர்முடா மேட்டில் ஒரே அடுக்கிலிருந்து எடுத்த ஃபோராமினிஃபெரா ஓடுகளையும், காக்கோலித் பாசிகள் விட்டுச்சென்ற கொழுப்புப் பொருளையும் கதிரியக்கக் கார்பனால் வயது கணித்தபோது, இரண்டாவது 7,000 ஆண்டுகள் வரை மூத்ததாக இருந்தது. ஓடுகள் மேலிருந்து நேராக விழுந்தவை. நுண்சேறு தொலைவிலிருந்து அடிநீரோட்டத்தோடு வந்தது. இந்தக் கலப்பை அளக்கத் தோரியம்-230 உதவுகிறது. கடல்நீரில் கரைந்துள்ள யுரேனியத்திலிருந்து அது எங்கும் ஒரே வீதத்தில் உண்டாகி, விழும் துகள்களில் ஒட்டிக்கொண்டு கீழே வந்துவிடும். மேலுள்ள நீர் தந்திருக்கக்கூடிய அளவுக்கு மேல் ஓர் இடத்தில் அது இருந்தால், அந்த உபரி பக்கவாட்டில் வந்து சேர்ந்த சேற்றின் அளவு. குறைந்திருந்தால், அங்கிருந்து வாரிச் செல்லப்பட்டதன் அளவு.