பகையின்றியும் கொலை உண்டு

“கொல்ல வேண்டும் என்று நான் எண்ணவில்லையே” என்று கூறும் ஒருவன் கொலைக் குற்றத்தினின்றும் தப்பிவிட முடியுமா? எப்பொழுதும் முடியாது என்கிறது சட்டம். அதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

கொலை என்றதும் பகையும் சதியும் மறைத்து வைத்த கத்தியுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் எவர்மீதும் பகையின்றி, ‘யார் செத்தால் எனக்கென்ன’ என்னும் மனப்போக்கினாலும் ஓர் உயிரை மாய்த்துவிடலாம்.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்றைக் கேளுங்கள். பதினேழு வயது இளைஞன் ஒருவன், சுழல் துப்பாக்கியில் ஒரே ஒரு தோட்டாவை இட்டு, பதின்மூன்று வயதுத் தோழனின் விலாவில் வைத்து, விளையாட்டாக மூன்று முறை விசையை இழுத்தான். மூன்றாம் முறை குண்டு பாய்ந்தது, சிறுவன் இறந்தான். இருவருக்கும் பகை ஏதுமில்லை. ஆயினும் அது இரண்டாம் தரக் கொலையே என்று 1946-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அமெரிக்கச் சட்டக் கழகம் 1962-இல் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டம் இக்கருத்தைச் செவ்வனே வரையறுத்தது. அதன்படி மெய்ப்பிக்க வேண்டுவன நான்கு. அச்செயலால் மரணம் நேர்ந்திருக்க வேண்டும். அச்செயலில் நியாயமற்ற பேராபத்து இருக்க வேண்டும். அந்த ஆபத்தை அவன் அறிந்தே புறக்கணித்திருக்க வேண்டும். மனித உயிரின் மதிப்பில் அவனுக்கிருந்த கொடிய அலட்சியத்தைச் சூழ்நிலை காட்ட வேண்டும்.

இந்த நான்காவதே உயிர்நிலையானது. மோட்டார் ஓட்டுபவன் ஒருவன், காண வேண்டிய ஆபத்தைக் காணாமற்போனால், அது பெருங்கவனக்குறைவு. கண்டும் துணிந்து சென்றால், அது கொலையினும் தாழ்ந்த குற்றம். மக்கள் நெருங்கி நிற்கும் நடைபாதையில் வேடிக்கைக்காக வண்டியை விரைந்து செலுத்தினால், அது கொலை எனும் நிலையை எட்டக்கூடும். இவ்வெல்லையை அளக்க அளவுகோல் இல்லை. அமெரிக்காவில் ஜூரிகளே பெரும்பாலும் அதனைத் தீர்மானிக்கின்றனர்.

நம் நாட்டிற்கும் இக்கருத்துப் புதிதன்று. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 300-ஆம் பிரிவில், ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. தக்க காரணமின்றிக் கூட்டத்தை நோக்கிப் பீரங்கியைச் சுட்டு ஒருவரைக் கொன்றவன், குறிப்பிட்ட எவரையும் கொல்லத் திட்டமிடாவிடினும் கொலையாளியே என்பது அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவும் அதனைப் போற்றி வைத்திருக்கிறது.

இளைஞர்களே! சட்டம் இங்கே கேட்பது, “யாரை வெறுத்தாய்?” என்பதன்று, “பிறர் உயிரை ஒரு பொருட்டாக மதித்தாயா?” என்பதே. விளையாட்டில் இறங்குமுன் அவ்வினாவை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.