மானைத் தேடுகிறவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

சிங்கப்பூரில் அற்றுப்போய்விட்டதாகப் பல பத்தாண்டுகள் கருதப்பட்டு வந்த பெரிய சருகுமான், பூலாவ் உபின் தீவில் உயிரோடுதான் இருக்கிறது என்று 2009-இல் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியானது. எழுதியவர்கள் மார்கஸ் சுவா, என். சிவசோதி, ராபர்ட் தியோ. முயலைவிடச் சற்றே பெரிய விலங்கு அது. கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல்தாடையிலிருந்து மெல்லிய கோரைப்பற்கள் கீழ்நோக்கி நீண்டிருக்கும். ஆள் அரவம் கேட்ட மாத்திரத்தில் புதருக்குள் மறைந்துவிடும். அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் போதாது, படம் வேண்டும். அந்த வேலைக்கு மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்கள் பயன்பட்டன.

தோளில் துப்பாக்கியோடு மான் தேடிப் போன காலம் சிங்கப்பூரில் முடிந்து வெகுநாளாகிறது. வனவிலங்குச் சட்டப்படி காட்டுவிலங்கை அனுமதியில்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்; 2020 ஜூன் முதல் தீனி போடுவதும் குற்றம். ஆனாலும் வேட்டைக்காரர்கள் கேட்ட கேள்வியைத்தான் இன்று ஆய்வாளர்களும் கேட்கிறார்கள்: நாள்கணக்கில் காட்டில் கிடந்தாலும் கைவிடாத கருவி எது?

இதற்குப் பாலைவனத்தில் ஒரு பதில், நம்மூரில் வேறு பதில். அமெரிக்காவின் அரிசோனா போன்ற வறண்ட மலைப்பாங்கான நிலங்களில் உரிமம் பெற்று மான் வேட்டையாடுகிறவர்கள், விடியற்காலையில் ஒரு முகட்டில் உட்கார்ந்து, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியால் எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகத் துழாவுவார்கள். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து எழும் சூடான காற்று காட்சியைக் கலக்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியானாலும் பிறகு பயன் குறைவு. அங்கே கருவிக்கு எதிரி தூசி. துப்பாக்கியின் அசையும் பாகங்களில் எண்ணெய் தாராளமாகப் பூசினால் மணல் ஒட்டிக்கொள்ளும், அதனால் கூடியமட்டும் உலர்வாக வைத்திருப்பார்கள். அதே பழக்கத்தைச் சிங்கப்பூரின் மண்டாய்க் காட்டுக்குக் கொண்டுவந்தால் இரும்பெல்லாம் துருப்பிடித்துவிடும். ராஜஸ்தானின் பாலைவன ஊரான ஜெய்சால்மரில் ஆண்டு மழை சுமார் 200 மி.மீ.; சிங்கப்பூரில் அது 2,100 மி.மீ.யைத் தாண்டுகிறது. அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் போவது இங்கே அன்றாடம்.

இந்த ஈரத்தில் துப்பாக்கி தூக்கியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள், சிராங்கூன் சாலைப் பக்கம் அரசாங்கச் சூளையில் செங்கல் சுட்டார்கள். இவர்களில் சிலரைப் பழைய மஸ்கெட் துப்பாக்கிகளோடு புலி வேட்டைக்கும் அரசு அனுப்பியது. கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மெக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். காம்பிர், மிளகுத் தோட்டங்களில் கூலியாட்களைப் புலி அடித்துக்கொண்டிருந்த காலம் அது. கருமருந்து ஈரம் பட்டால் நமுத்துப்போகும், நமுத்தால் சுடாது. புலிக்கு எதிரே நிற்கும் மனிதனுக்கு இதைவிடப் பெரிய கருவிக் கோளாறு என்ன இருக்க முடியும்? லிட்டில் இந்தியாவின் வரலாற்றைப் பேசும்போது செங்கல்லையும் மாட்டுச் சந்தையையும் சொல்கிறோம், இந்த வேட்டைக் குழுக்களைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

புலியின் முக்கிய இரைகளில் ஒன்று கடமான். தென்தமிழ்நாட்டில் மிளா என்று சொல்லும் அதே இனம். சிங்கப்பூரின் கடைசிப் புலி 1930-இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டது. காடு அழிந்தும் வேட்டையாடப்பட்டும் அடுத்த சில பத்தாண்டுகளில் கடமானும் இல்லாமல் போனது. கேளையாடு என்ற மானும் போய்விட்டது, அது திரும்பவில்லை. கடமான் திரும்பியது. 1970-களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சில மான்களின் வழித்தோன்றல்களே இன்று மண்டாய், மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிகளில் உலவுகின்றன என்று கருதப்படுகிறது. ஒரு சில மான்களிலிருந்து பெருகிய கூட்டத்தில் மரபணு வேறுபாடு குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு மானையும் கணக்கில் வைத்துக் கண்காணிக்க அதுவே போதுமான காரணம்.

கண்காணிக்கும் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அது எங்கே தவறும் என்பதும் தெரியும். எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டிருக்கிறது. கேமராவின் முகப்பில் இருக்கும் வெள்ளை நெகிழி வில்லை அந்தக் கதிர்களைக் குவித்து உள்ளே ஓர் உணரியின் மேல் விழவைக்கிறது. உணரிக்கு இரண்டு பாதிகள். ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டவை. காடு முழுவதும் சேர்ந்து சூடானால் இரண்டு பாதியும் ஒரே அளவு மாறும், கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஒரு விலங்கு குறுக்கே நடந்தால் முதலில் ஒரு பாதியிலும் பிறகு மறு பாதியிலும் மாற்றம் தெரியும். உடனே கேமரா விழித்துக்கொள்ளும். நல்ல கேமரா அரை விநாடிக்குள் படம் எடுத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. மான் கேமராவை நோக்கி நேராக வந்தால் உணரிக்கு மாற்றம் குறைவாகத் தெரியும், குறுக்கே போனால் நன்றாகத் தெரியும். ஆகவே ஒற்றையடித் தடத்தை நேர்ப்பார்வையாகப் பார்க்கும்படி கேமராவைக் கட்டுவது வீண், பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இரண்டாவது, உணரி அறிவது விலங்கின் சூட்டை அல்ல. பின்னணிக்கும் விலங்கின் மேற்பரப்புக்கும் உள்ள வேறுபாட்டை. மானின் உள்ளுடல் சூடு 38 டிகிரியை ஒட்டி இருந்தாலும், ரோமத்தின் மேற்பரப்பு அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். சிங்கப்பூர்க் காட்டின் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது மானும் சருகும் உணரிக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். பாலைவனத்திலும் இதே குருட்டு நேரம் உண்டு. காலையில் பாறை மானைவிடக் குளிர்ந்திருக்கும், நண்பகலில் மானைவிடக் கொதிக்கும். இடையில் இரண்டும் சமமாகும் வேளையில் வெப்பக் கருவிகள் தடுமாறும். நல்லவேளையாகக் கடமான் அந்தியிலும் இரவிலும் அதிகம் நடமாடுகிறது, அப்போது காற்றும் தரையும் சற்றுக் குளிர்ந்திருக்கும்.

உயரம் அடுத்த சிக்கல். கடமானின் தோள் ஒரு மீட்டரைத் தாண்டும். சிறிய சருகுமானோ 20 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், எடை இரண்டு கிலோ அளவு. மனித இடுப்புயரத்தில் கட்டிய கேமராவின் உணர்பரப்புக்குக் கீழே சருகுமான் புகுந்து போய்விடும். முழங்காலுக்குக் கீழே இறக்கினால் மழையில் தெறிக்கும் சேறு வில்லையை மூடும். எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல் கட்டிய கேமரா எதையும் ஒழுங்காகக் காட்டாது.

இரவுப் படத்துக்கு ஒளி வேண்டும். மனிதனுக்கு மூன்று வகைக் கூம்பணுக்கள் இருப்பதுபோல மானுக்கு இல்லை, இரண்டுதான். நீலமும் பச்சையும் தெரியும். சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அங்கி அணிந்தும் மான் மிரளாததற்கு இதுதான் காரணம். கேமராவின் அகச்சிவப்பு விளக்குகளில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு பொதுவான வகைகள் உண்டு. முதலாவது தூரம் எட்டும், ஆனால் மங்கலான செஞ்சிவப்புப் புள்ளி தெரியும். இரண்டாவது கண்ணுக்கே தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. அடர்ந்த காட்டில் ஐந்தாறு மீட்டருக்கு மேல் பார்வையே போகாது என்பதால் இங்கே 940 போதும் என்பேன். பரந்த பாலையில் அது போதாது.

லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் சிம் லிம் டவர். அதன் மின்னணு உதிரிபாகக் கடைகளில் நின்று மின்கலம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் 1.5 வோல்ட் என்று எழுதியிருக்கும் சாதாரண ஆல்கலைன் கலம், தீரத் தீர மின்னழுத்தத்திலும் இறங்கிக்கொண்டே போகும். பகல் படத்துக்கு அது தாங்கும். இரவில் விளக்கு ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும்போது அழுத்தம் சரிந்து கேமரா அணைந்துவிடும். விளைவு, பகலில் குரங்கும் பன்றியும் படத்தில் இருக்கும், இரவில் வந்த மான் இருக்காது. அதைப் பார்த்து இங்கே மான் இல்லை என்று யாராவது எழுதிவிடக்கூடும். லித்தியம் கலம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நின்று பிறகு சட்டென்று தீரும். விலை கூடுதல்தான், ஆனால் ஆய்வுக்கு அதைத்தான் வாங்க வேண்டும்.

ஒரு மாதம் காட்டில் கிடந்த கேமராவைத் திறந்து பார்த்தால் பிரச்சினை கண்முன்னே இருக்கும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒற்றை மண்துகளோ நார்த்துணுக்கோ சிக்கியிருக்கும். வெயிலில் சூடான பெட்டி மழை விழுந்ததும் குளிரும். உள்ளே காற்று சுருங்கும். அந்தத் துகள் விட்ட இடுக்கு வழியே ஈரக் காற்றை உறிஞ்சும். இரவில் அது வில்லையின் உள்பக்கம் பனியாகப் படியும். பெட்டிக்குள் போட்டுவைத்த சிலிக்கா ஜெல் மணிகள் ஆரஞ்சிலிருந்து பச்சையாகியிருந்தால், இனி அவற்றால் ஈரம் உறிஞ்ச முடியாது என்று பொருள். அடுப்பில் காயவைத்தால் மறுபடி உதவும். எறும்புகள் கூடு வைத்திருப்பதும் சகஜம். வெதுவெதுப்பான, மழைபடாத பொந்து வேறெங்கே கிடைக்கும் அவற்றுக்கு? புகைப்படக்காரர்கள் பலர் வீட்டில் உலர்பெட்டி வைத்து ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது வில்லையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கத்தான். காட்டில் விடப்பட்ட கேமராவுக்கு அந்தச் சொகுசு இல்லை. ஆகவே மெகாபிக்சல் எண்ணைப் பார்க்குமுன் மூடியின் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

கருவியை இடத்துக்கேற்ப வளைத்தவர்களில் நம் மா. கிருஷ்ணனை மறக்க முடியாது. அ. மாதவையாவின் மகனான அவர், பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒட்டவைத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையில் தென்னிந்தியக் காடுகளை ஆவணப்படுத்தினார். அவருக்கும் முன்னால், அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்ற வேட்டைக்காரர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். அவர் இரவில் எடுத்த மான் படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகரபிக் இதழ் வெளியிட்டது. கம்பியில் விலங்கின் கால் பட்டால் தானே படம் எடுக்கும் ஏற்பாட்டையும் அவர் செய்திருந்தார். இன்றைய தானியங்கிக் கேமராவின் பாட்டனார் அதுதான்.

படங்கள் ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு பாலங்கள் சாட்சி. 1986-இல் முடிந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்தது. 2013-இல் அதன் குறுக்கே, 62 மீட்டர் நீளத்தில், இடுப்பு ஒடுங்கிய வடிவில் ஒரு பசுமைப் பாலம் எழுந்தது. மண் கொட்டி, உள்ளூர் மரம் நட்டு, விலங்குகளுக்கென்றே விடப்பட்ட பாலம். மனிதர்கள் நினைத்தபோது போக முடியாது. மண்டாய் லேக் சாலையின் மேல் இன்னொன்று 2019 டிசம்பரில் திறந்தது. கடமானும் சருகுமானும் இந்தப் பாலத்தைப் பயன்படுத்துவது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. பல மில்லியன் வெள்ளி செலவழித்துக் கட்டியதை விலங்குகள் பயன்படுத்துகின்றனவா என்ற கேள்விக்கு வேறு எந்த வகையில் நேர்மையான பதில் சொல்ல முடியும்? ஈரத்தில் செத்துப்போன கேமரா தரும் வெற்றுப் பதிவை ‘விலங்கு வரவில்லை’ என்று எடுத்துக்கொண்டால் அடுத்த பாலம் கட்டப்படாமலே போகலாம். அதனால்தான் மின்கலத்துக்கும் ரப்பர் வளையத்துக்கும் இத்தனை வரிகள் எழுதினேன்.

பாலத்தில் ஏறாத மான்களும் உண்டு. மண்டாய் சாலையிலும் விரைவுச்சாலைகளிலும் கடமான்கள் வாகனங்களில் அடிபட்டு இறந்திருக்கின்றன, மனிதர்களும் காயப்பட்டிருக்கிறார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்கில் மோட்டார்சைக்கிள் மோதினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. சாலையோர வேலிகள் போடப்பட்டிருக்கின்றன. பழைய அப்பர் தாம்சன் சாலையில் நிலப் போக்குவரத்து ஆணையமும் தேசியப் பூங்காக் கழகமும் வேறொரு வழியையும் சோதித்துப் பார்த்தன: ஓரத்துக்கு வரும் விலங்கைக் கேமரா கண்டுகொண்டு, முன்னால் உள்ள பலகையை மின்னவைத்து ஓட்டுநரை எச்சரிக்கும்.

இரவில் அந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள், சாலையோரம் இரண்டு கண்கள் பளிச்சிட்டால் வேகத்தைக் குறைத்து, உயர்விளக்கைத் தாழ்த்துங்கள். ஒலிப்பானை அழுத்த வேண்டாம்; மிரண்ட மான் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. ஒன்று கடந்ததும் முடுக்கிவிடாதீர்கள். பெட்டை முன்னால் போனால் குட்டி பின்னாலேயே வரும்.