சாக்லேட்டில் புழு, பானத்தில் சர்க்கரை

தீபாவளிக்குச் சில வாரங்களே இருந்த நேரம். 2003 அக்டோபரில் மும்பையில் விற்ற டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் கிளம்பியது. மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத் துறையினர் சரக்கைக் கைப்பற்றினார்கள். பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் அதே பேச்சாயிற்று.

தொழிற்சாலையில் புழு புக வழியில்லை, கடைகளில் சரியாக வைக்காததே காரணம் என்று காட்பரி நிர்வாகம் முதலில் கூறியது. அதில் உண்மை இல்லாமலில்லை. அரிசி மூட்டைக்கும் பருப்புக்கும் பக்கத்தில் கிடக்கும் பண்டத்தில் புழு ஏறும் என்பது எந்த மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் சரக்கை விற்றுத் தருகிறவர் மேலேயே பழியைப் போட்டால் அதை யார் விற்பது? உறை ஒழுங்காக இருந்ததா என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பண்டிகைப் பருவத்தில் விற்பனை சுமார் 30 சதவிகிதம் சரிந்தது.

அதன் பிறகே கம்பெனி விழித்துக்கொண்டது. 'விசுவாஸ்' என்ற திட்டத்தில் சுமார் 1,90,000 கடைக்காரர்களுக்குச் சாக்லேட்டைப் பாதுகாக்கும் முறை சொல்லித் தரப்பட்டது. 2004 ஜனவரியில் புது உறை வந்தது. அலுமினியத் தாளைச் சூட்டில் ஒட்டி, அதன் மேல் இன்னொரு உறை. இயந்திரங்களுக்கு ரூ.15 கோடி வரை செலவு. விலையோ ஏறவில்லை. விளம்பரத்துக்கு அமிதாப் பச்சன் வந்தார். சில மாதங்களில் வியாபாரம் நிமிர்ந்தது. அமிதாப்பின் குரலுக்கு அதில் பங்குண்டு. பழைய உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பேசியிருந்தால் எடுபட்டிருக்குமா என்பது சந்தேகமே.

நோட்டீஸ் செய்த வேலை

இருபது ஆண்டுகள் கழிந்தன. கம்பெனியின் பெயர் மாண்டலீஸ் என்று மாறியிருந்தது. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், போர்ன்விட்டாவில் சர்க்கரை அதிகம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவை அது பார்க்கப்பட்டது. கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. இளைஞர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை எடுத்துவிட்டார்.

விஷயம் அங்கே முடியவில்லை. நோட்டீஸ் என்றதும், அதுவரை பார்க்காதவர்களும் வீடியோவைத் தேடிப் பார்த்தார்கள். பிரதிகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. 20 கிராம் பொடியில் 7.5 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, அதாவது சுமார் ஒன்றரை டீஸ்பூன் என்று கம்பெனியே கணக்குச் சொல்லும்படி ஆயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அந்தச் சர்க்கரையை 14.4 சதவிகிதம் குறைத்ததாக அறிவிப்பு வந்தது. 2024 ஏப்ரலில், 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவிலிருந்து இதையும் இதுபோன்றவற்றையும் நீக்கும்படி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. சர்க்கரையைக் குறைத்துவிட்டு வாய் திறந்திருந்தால் வக்கீல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

சின்னக் கடைக்காரருக்கு

கோடிகள் புரளும் கம்பெனி தாங்கும். மாதுங்காவில் மெஸ் நடத்துகிறவரும் தாராவியில் தோல் பை விற்கிறவரும் என்ன செய்வது? 'சாம்பாரில் உப்பு அதிகம், பரிமாறுகிறவர் எரிந்து விழுகிறார்' என்று கூகுளில் ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்ததும் பலருக்கும் தோன்றும் யோசனை, மைத்துனரையும் நண்பர்களையும் விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது. இதில் ஆபத்து உண்டு. பொய்ப் புகழுரைகளைத் தடுக்கவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. புகழுரைகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே நடையில் வந்தால் வாடிக்கையாளருக்கும் புரிந்துவிடும்.

போலீசுக்குப் போவேன் என்று மிரட்டுவதும் வீண். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66 ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. அவதூறுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறாகாது. கடைக்கே வராதவர் எழுதிய பொய்யானால் கூகுளிடம் புகார் செய்யலாம். பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அவர்கள் எதையும் நீக்குவதில்லை.

உப்பு அதிகம் என்றவருக்கு, எந்த நாள் என்று விசாரித்து, தவறிருந்தால் ஒப்புக்கொண்டு, இரண்டே வரியில் மரியாதையாகப் பதில் எழுதினால் போதும். கோபம் ஆறிய பிறகு எழுதுவது உத்தமம். அவர் திரும்பி வராமலே போகலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு லோக்கல் ரயிலில் இருந்தபடியே மெஸ் தேடுகிறவர் அந்த இரண்டு வரியையும் படிப்பார்.